யாரையும் காக்கவைக்காதவர்

மதுரங்குளிச் சந்தியில் கொழும்புக்கு நோயாளிகளை ஏற்றிச் செல்ல நாலைந்து வேன்கள் நின்றன. அவருடைய வேன் அவற்றில் மிகப் பழையது. குளிரூட்டி இல்லை. நடு இருக்கை ஒன்று பின்னால் சாய்ந்தால் பிறகு நிமிராது. அவர் வேகமாக ஓட்டுகிறவரும் அல்லர். சிலாபம் தாண்டுவதற்குள் பஸ்கள் எல்லாம் எங்களை முந்திப் போய்விடும். அப்படியிருந்தும் கிளினிக் திகதி கிடைத்தவர்கள் முதலில் தேடிப்போவது அவரைத்தான். அவர் நிற்பார் என்பதே அதற்குக் காரணம்.

மற்றச் சாரதிமார் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்களை இறக்கிவிட்டு வேறு ஹயர் பார்க்கப் போய்விடுவார்கள். சொன்ன நேரத்துக்கு வாசலுக்கு வந்துவிட வேண்டும். பிந்தினால் பஸ்தான். ஆனால் கிளினிக்கில் நேரம் நம்முடைய கையிலா இருக்கிறது? டொக்டர் வரப் பிந்தும். இரத்தம் எடுக்கிற வரிசை நகராது. மருந்து கொடுக்கிற யன்னலுக்குக் கிட்டப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் என்று பலகையை இழுத்து மூடுவார்கள். இவையெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொருவராக இறங்கும்போது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார்.

“ஆறுதலா வாங்க. நான் நிக்கிறன்.”

ஊரில் அவரை எல்லோரும் வேன் மாமா என்றார்கள். எனக்கும் அப்படித்தான். எங்களுக்கு அவர் சொந்தம் இல்லை. அவர் கனமூலையில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்தவர்கள். என் உம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம் தொடங்கியபின் மாதா மாதம் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. வாப்பா அதற்குமுன்பே மவுத்தாகிவிட்டார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு உம்மாவுடன் போவேன். அந்த வருடங்களில் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை அவர்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

கிளினிக் முடிந்து நாங்கள் பிந்தி வரும்போதெல்லாம் உம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். மற்றவர்கள் ஏறி இருந்துவிட்டிருப்பார்கள். உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடுவார். வேன் ஒரு மரநிழலில் நிற்கும். அவர் முன் கதவைத் திறந்து வைத்து, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். எங்களைக் கண்டதும் எழுந்து, பிளாஸ்கிலிருந்து பாலில்லாத பிளேன்டி ஊற்றுவார்.

அவர் அந்த நேரங்களில் ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை. சுபஹுக்கு முன்பே எழும்பி வேனோட்டி வந்த மனிதர், அந்த வெயிலில் கண் சொருகாமல் எப்படி இருக்கிறார் என்று ஒருமுறை கேட்டேன்.

“நான் படுத்துட்டா வாற ஆக்கள் என்ன செய்வாங்க?” என்றார். “எழுப்ப யோசிச்சுக்கிட்டு வெளியால நிப்பாங்க. வருத்தக்கார ஆக்கள் எனக்காக நிக்கிறதா?”

தான் பிறருக்காகக் காத்திருப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தனக்காக ஒருவர் காத்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. இது நல்ல குணமா, ஒரு வருத்தமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு பெருநாளுக்கு முதல்நாள் அவர் தலையின் ஒரு பக்கம் மட்டும் முடி வெட்டின கோலத்தில் வீட்டுக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். சலூனில் அவருக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு புது மாப்பிள்ளை உள்ளே வந்திருக்கிறான். பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு அவனுக்கு நிக்காஹ். அவன் மணிக்கூட்டைப் பார்த்ததை இவர் கண்ணாடியில் கண்டுவிட்டார். அவ்வளவுதான். போர்வையை உதறிவிட்டு எழும்பி, “முதல்ல மாப்பிள்ளைய அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மறுபக்கத்தை வெட்டப் பிறகு போனபோது அங்கே பெருநாள் கூட்டம். அவர் வாசலோடு திரும்பிவிட்டார். பெருநாள் தொழுகையில் இமாம் ஸலாம் கொடுத்து முடித்ததும் தொப்பிக்குக் கீழே அந்த அரைத் தலையைக் கண்டு பின்வரிசையில் சிரிப்பு எழுந்ததாம்.

இதனால் அதிகம் நொந்தவர் மாமிதான். அவருடைய மனைவியை நாங்கள் மாமி என்போம். வட்ட முகம், பெரிய குரல், மனத்தில் ஒன்றும் வைக்கத் தெரியாதவர்.

“கலியாணம் முடிச்ச நாள் தொட்டு பாக்கிறன். ஒரு நாளாவது இந்த மனுசனுக்குச் சோத்த மூடி வெச்சிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருக்க விட்டாரா? எங்கயாவது சுணங்கினா போன் வந்துரும். ‘நீ தின்னு, நீ தின்னு.’ பொஞ்சாதிண்டா காத்துக்கிட்டு இருக்கிறதும் ஒரு சந்தோசம்தானே மகள்? அது இவருக்கு விளங்குதில்ல.”

அவர் அப்போது முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்தார். வேனுக்கு அப்போது பச்சை நிறம். முன்பு அது வெள்ளை. யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வெள்ளை வேன் என்றால் ஆட்களைக் கடத்திக்கொண்டு போகிற வேன் என்று சனங்களுக்குப் பயம். கொழும்பில் ஒரு வீட்டு வாசலில் நோயாளியை ஏற்றப் போய் நின்றபோது உள்ளே ஒரு பெண் கத்தி அழுததாகவும், அடுத்த கிழமையே வேனுக்குப் பச்சை அடித்ததாகவும் சொல்வார். யுத்தம் முடிந்து பல வருடம் ஆன பிறகும் அவர் அந்த நிறத்தை மாற்றவில்லை.

அவரை நான் முதன்முதலாகக் கண்டது எனக்கு நினைவில்லாத வயதில். உம்மா சொல்லித்தான் தெரியும். மன்னாரிலிருந்து வள்ளங்களில் ஏறி வந்த சனம் கற்பிட்டிக் கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் உம்மாவும் ஒரு வள்ளத்தில். இடம் இல்லாமல் வாப்பா பின்னால் வரும் வள்ளத்தில். அந்த வள்ளத்தைக் காணவில்லை. கரையில் ஊர்ச் சனங்கள் பாணும் தண்ணீரும் கொடுத்தார்கள். அவர் அப்போது ஒரு பழைய லொறி வைத்திருந்தார். ஆட்களை ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். எங்களை ஏற்ற வந்தபோது உம்மா ஏற மறுத்திருக்கிறார். புருசன் வராமல் வரமாட்டேன் என்று மணலில் இருந்துவிட்டார். மற்றவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். வந்து, லொறியின் நிழலில் உம்மாவை இருக்கச் சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரும் என்றும் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. வெயில் சாயும்போது வாப்பாவின் வள்ளம் வந்தது.

“அண்டைக்கு அவர் என்ன ஏறச் சொல்லி ஒருக்கா அரிகண்டம் பண்ணியிருந்தா, நான் உடைஞ்சு போயிருப்பன்” என்று உம்மா பின்னாளில் சொல்வார்.

யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் எங்களை மன்னாருக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். எங்கள் வளவில் சுவர்கள் மட்டும் நின்றன. குசினி இருந்த இடத்தில் ஒரு வேப்பமரம் வளர்ந்திருந்தது. உம்மா அந்தச் செடிகொடிக்குள் இறங்கி, ஒவ்வொரு அறையாக, இல்லாத கதவுகளின் வழியாக நுழைந்து நடந்தார். முள் கிழித்ததையும் பார்க்கவில்லை. நான் அவசரப்படுத்தினேன், இருட்டுக்குமுன் திரும்ப வேண்டும் என்ற எண்ணம். அவர் வேனடியில் இருந்து என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“மகள், இங்கால வாங்க. அவவத் தனிய விடுங்க. எத்தின வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறா.”

அன்று அவர் காலையும் சாப்பிடவில்லை, பகலும் சாப்பிடவில்லை என்று திரும்பும் வழியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதை யார் முதலில் கண்டார்கள் என்று தெரியாது. நான் கண்டது தலவிலப் பெருநாள் காலத்தில். சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு முதிய பெண்ணின் பையைத் தூக்கிவைத்துவிட்டு வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. “என்ன மாமா?” என்றேன். “ஒண்டுமில்ல, வெயில்” என்றார்.

பிறகு ஒருநாள், எங்கள் எல்லோரையும் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது சிலாபத்துக்கு இப்பால் வேனை ஓரங்கட்டினார். சிக்னல் போட்டு, மெதுவாகப் புல்லில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை இழுத்து விட்டார். அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார். எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

கொழும்பில் சோதித்துப் பார்த்துவிட்டு டொக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறுகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. அது சுண்ணாம்பு பிடித்துக் கல்லாகி, ஊசித் துவாரம் அளவுக்குத்தான் திறக்கிறது. நெஞ்சைப் பிளந்து மாற்ற அவருடைய வயதும் நுரையீரலும் இடம்கொடாது. தொடை நாடிக்குள்ளால் குழாய் விட்டுப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவக் குழு ஒன்று சிலருக்கு அதை இலவசமாகச் செய்யவிருந்தது. அவருடைய பெயரும் அதில் சேர்ந்தது.

அவரைச் சம்மதிக்கவைப்பது பெரிய பாடாகிவிட்டது. “கிளினிக் ஆக்கள் என்ன செய்யிற?” என்பதே அவருடைய பேச்சு. கடைசியில் புத்தளத்திலிருந்து அவருடைய மகளைக் கட்டிய மருமகன் வந்து வேனைப் பொறுப்பெடுத்தான். அவன் அவரோடு இருந்து ஒவ்வொருவருடைய திகதியையும் கேட்டுக்கொண்ட பிறகுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக உடுப்பு மடித்தார்.

வால்வு நல்லபடியாக அமைந்தது. ஆனால் அடுத்த நாள் நானும் மாமியும் பார்க்கப் போனபோது அவர் அசையாமல் படுத்திருந்தார். கழுத்து நரம்பின் வழியாக ஒரு மெல்லிய கம்பி உள்ளே போயிருந்தது. அதன் மறுமுனை கட்டிலோரம் தொங்கிய ஒரு சிறிய பெட்டியில் இருந்தது. பெட்டியில் ஒரு விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் மாமிக்குச் சொன்னேன். இதயத்தை அடிக்கச் சொல்லும் மின்சாரம் போகிற பாதை அந்த வால்வுக்குப் பக்கத்தால்தான் போகிறது. புது வால்வு அதை அமத்திவிட்டது. அதனால் இதயம் தானாக அடிக்க மறக்கிறது. இப்போதைக்கு இந்தப் பெட்டிதான் கம்பி வழியாக அதைத் தட்டித் தட்டி அடிக்கவைக்கிறது. சிலருக்கு வீக்கம் வற்றியதும் இதயம் தன் பாட்டுக்குத் திரும்பிவிடும். கம்பியை எடுத்துவிடலாம். திரும்பாவிட்டால் தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் நிரந்தரமாக ஒரு கருவி வைக்க வேண்டும். அதுவும் பெரிய விசயம் இல்லை.

“அப்ப இது இரவல் துடிப்பா?” என்றார் மாமி.

“ஓம், கொஞ்ச நாளைக்கு.”

மாமி அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கழுத்தைத் திருப்பக் கூடாது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். “வேனை எங்க விட்டிருக்கிறான்? நிழல்லயா? மாமி சாப்பிட்டாவா? நீங்க ஏன் இன்னும் நிக்கிறீங்க மகள், பள்ளிக்கூடம் இல்லயா?”

அந்த நேரம் டொக்டர் பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வந்தார். இதயம் தானாக எழும்புகிறதா என்று பார்ப்பதற்காக. மெதுவாகத் திருகினார். திரையில் கோடு நீண்டது. மறுபடியும் நீண்டது. அவருடைய கண்கள் மேலே போயின. மாமி என் கையைப் பிடித்தார். டொக்டர் உடனே வேகத்தைக் கூட்டினார். விளக்கு மின்னத் தொடங்கியது. அவர் நித்திரையிலிருந்து எழுந்தவரைப்போல் விழித்தார்.

“இன்னும் இரண்டொரு நாள் பார்ப்போம்” என்றார் டொக்டர்.

“எதுக்குப் பாக்கிறாங்க?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“உங்கட இதயம் தானா அடிக்கத் தொடங்குமட்டும் காத்திருக்கிறாங்களாம் மாமா.”

அவருடைய முகம் வாடிவிட்டது. மருந்து, ஊசி, கம்பி ஒன்றுக்கும் சுளிக்காத முகம். மாமியை, என்னை, கால்மாட்டில் நின்ற நேர்ஸை ஒவ்வொருவராகப் பார்த்தார். “எல்லாரையும் காக்க வெச்சிட்டன்” என்றார். கண்ணோரத்தால் நீர் வடிந்து காதுக்குள் போனது. கழுத்தைத் திருப்ப முடியாததால் அதைத் துடைக்கவும் முடியவில்லை. மாமி தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

டொக்டர் தினமும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். தலை சுற்றியதா, கண் இருட்டியதா? அப்படி ஏதாவது வந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் வீட்டுக்கு விடாமல் வைத்துக்கொண்டு நிரந்தரக் கருவியைப் போட்டுவிடுவோம் என்பார். நான் அதைத் தமிழில் சொல்வேன். அவர் “ஓம், சொல்றன்” என்பார்.

இரண்டொரு நாளில் இதயம் தன் பாட்டுக்குத் திரும்பியது. பெட்டியைக் குறைத்தார்கள், தாங்கியது. நிறுத்தினார்கள், தாங்கியது. கம்பியை எடுத்துவிட்டுச் சாதாரண வாட்டுக்கு மாற்றினார்கள். மாமி எனக்குப் போன் எடுத்து அழுதார். கடைசியில், “தானா அடிக்குதாம்” என்று மட்டும் சொன்னார்.

அவரை வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டுவதாகச் சொன்ன நாளும் உம்மாவின் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தன. மருமகன் வேனோட்டினான். எல்லோரும் ஒன்றாக வீட்டுக்குப் போகலாம் என்று உம்மாவுக்குப் பெரிய சந்தோசம். காலையிலேயே நான் மாற்று உடுப்புக் கொடுக்க வாட்டுக்கு ஏறினேன். அவர் கட்டிலில் சாய்ந்து இருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“உம்மாவும் வந்திருக்கிறா மாமா. கீழ இருக்கிறா. அவட கிளினிக் முடிஞ்சதும் வேனில இருப்பம். நீங்க வந்த பிறகு போவம்” என்றேன்.

“அவவ வெயில்ல வெச்சிக்கிட்டு இருக்காதீங்க” என்றார்.

அன்று கிளினிக்கில் கூட்டம் இல்லை. உம்மாவும் நானும் வேனில் ஏறி இருந்து கொஞ்ச நேரந்தான். மாமி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, அவர் வெள்ளைச் சேட்டு, சாரத்துடன், மெதுவாகப் படியிறங்கி வந்தார். வேனுக்குள் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம். முன் இருக்கையில் அவரை இருத்தினோம். மாதம்பையில் நிறுத்தி இளநீர் குடித்தோம். அவர் மருமகனுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், தன்னுடைய வேனில் தான் ஒரு பயணியாக, வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர் மவுத்தானார். வாசலில் கதிரை போட்டு இருந்திருக்கிறார். மீன்காரன் சைக்கிளோடு உள்ளே வந்திருக்கிறான். வழிவிடக் கதிரையை நகர்த்துவோம் என்று எழும்பினவர், எழும்பின கையோடு விழுந்துவிட்டார். மாமி குசினியிலிருந்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று அஸருக்குப் பிறகு அடக்கினார்கள். கனமூலைப் பள்ளிவாசலில் அப்படி ஒரு சனத்தை நான் கண்டதில்லை. பாதிப்பேர் நோயாளிகள். வரிசையில் நிற்க முடியாதவர்கள் சுவரோரமாகக் கதிரைகளில் இருந்து ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள்.

மாமி கணவனுக்காக வீட்டோடு இத்தா இருந்த காலம். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விடுவேன். ஒரு நாள் பின்னேரம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். கையில் கருவாட்டுப் பை. ஆஸ்பத்திரியில் வேன் மாமாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளி. சிங்களவர், ஆனால் தமிழ் பேசுவார்.

“நானா இல்லயா?” என்று, சொந்த அண்ணனைக் கேட்பதுபோல் மாமாவைக் கேட்டார். “தலவிலப் பெருநாள் வருது. சுகமானதும் எங்கட வீட்டாக்கள எல்லாம் நானாட வேன்ல கூட்டிட்டுப் போறேன் சொன்னது. சந்தில கேட்டு வந்தேன்.”

சந்தியில் கேட்டபோது ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். நான்தான் சொன்னேன். அவர் கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. மாமி உள்ளே, அறைவாசல் திரைக்குப் பின்னால் நின்றார். நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய முகம் எனக்கு மட்டும் தெரிந்தது.

“எப்படி?” என்று கேட்டார் அவர்.

“எழும்பினவர் விழுந்துட்டார்.”

அவர் தலையைக் குனிந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“துண்டு வெட்டின நாள் காலைல, மகள் வந்து போன பிறகு, நானா பாத்ரூம் போனது. வரக்குள்ள சுவரப் பிடிச்சிட்டு நின்னது. முகம் வெள்ளை. நான் எழும்பிப் போய்ப் பிடிச்சேன். கண் இருட்டிச்சு, இப்ப சரி சொன்னது. நான் நேர்ஸ் மிஸ்ஸக் கூப்பிடப் போனேன். என் கையப் பிடிச்சது, விடல்ல. ‘சொல்ல வேணாம். சொன்னா இண்டைக்கு விட மாட்டாங்க. கீழ எங்கட வேன் வந்து நிக்குது. அதுல ஒரு வருத்தக்கார மனுசி வெயில்ல இருக்கிறா’ சொன்னது. பிறகு டொக்டர் வந்து கேட்டது. நானா சிரிச்சிட்டே இல்ல சொன்னது. நான் பக்கத்துல இருந்தேன். நானும் சொல்லல்ல.”

அவர் அழுதார். வயதான, கடலில் காய்ந்த முகம். அழத் தெரியாத முகம் அழுதது. “நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா” என்றார்.

திரைக்குப் பின்னால் மாமி நெற்றியைக் கதவுநிலையில் சாய்த்துக்கொண்டார். அவர் இத்தாவில் இருக்கிறார். வெளியே வந்து அந்த மனிதருக்கு முன்னால் நிற்க முடியாது. திரையின் பின்னால் இருந்தே பேசினார். அவருடைய பெரிய குரல் அன்று மிகச் சிறிதாக இருந்தது.

“உங்கள அவர் சொல்ல விட்டிருக்க மாட்டார் நானா. அந்தக் கை எப்படிப் பிடிக்குமெண்டு எனக்குத் தெரியும். நீங்க மனசுல வெக்காதீங்க. தண்ணியக் குடிங்க.”

அவர் தண்ணீரைக் குடித்தார். கருவாட்டுப் பையை வாசல்படியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பித் திரையை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் சந்திப் பக்கம் திரும்பும்வரை பார்த்துவிட்டு நான் உள்ளே வந்தேன். மாமி தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் அழவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“மகள், ஒரு விசயம். இத உங்கட உம்மாட்டச் சொல்லாதீங்க.”

“இல்ல மாமி.”

“தன்னால எண்டு நினைச்சிருவா. பிறகு கிளினிக் போறத விட்டுருவா. அவரும் அதத் தாங்க மாட்டார்.”

நான் சொல்லவில்லை. மகளிடமும் மருமகனிடமும் மாமி சொல்லவில்லை. எங்கள் இருவரோடு அது நின்றது.

அதற்குப் பிறகும் உம்மா பல வருடம் கிளினிக்குக்குப் போனார். மருமகன்தான் வேனோட்டினான். அவன் நல்ல பிள்ளை; அவனும் நிற்பான். திரும்பும் வழியில், மாதம்பை தாண்டும் இடத்தில், உம்மா எப்போதும் அவரைப் பற்றிக் கதைப்பார். அவர் அடங்கியிருக்கிற கபுரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும் என்று துஆக் கேட்பார். ஆஸ்பத்திரியிலே கிடந்து நொந்துபோகாமல், சுகமாகி வீட்டுக்கு வந்து, தன்னுடைய வாசலில் மவுத்தானாரே, அது எத்தனை பெரிய கொடுப்பினை என்பார்.

“அண்டைக்குப் பாத்தியா புள்ள, நாங்க வேனில ஏறி இருந்து கொஞ்ச நேரந்தான். சிரிச்ச முகத்தோட இறங்கி வந்துட்டார்” என்பார். “வருத்தத்தில கிடந்தும் என்ன வெயில்ல வெக்கல்ல அந்த மனுசன்.”

“ஓம் உம்மா” என்பேன்.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, தலையை என் தோளில் சாய்ப்பார். சிலாபம் போய்ச் சேருமுன்பே நன்றாக நித்திரையாகிவிடுவார்.